வியாழக்கிழமை நகல்

என் பணிக்கோப்பில் ஒரே ஓர் எச்சரிக்கைக் கடிதம் இருக்கிறது. இருபத்திரண்டு வருட வேலையில் ஒன்றே ஒன்று. அதையும் நானே கேட்டு வாங்கினேன். என் வீட்டுக்காரரிடம் இதைச் சொன்னால், "திட்டு வாங்குறதுலயும் பெருமைப்படுற ஒரே ஆளு நீதான்" என்பார். ஆமாம், பெருமைதான். அதை ஏன் மறைக்க வேண்டும்?

எங்கள் கம்பெனி மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் சாப்பாட்டை டின்னில் அடைத்து விற்கும் கம்பெனி. பெக்கான் நானாஸில் அன்னாசித் தொழிற்சாலை, மெர்சிங்கில் மீன் தொழிற்சாலை, தம்போயில் தலைமை அலுவலகமும் கிடங்கும். நான் தம்போயில் கணினிப் பிரிவு. பிரிவு என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். நான், ஒரு நாற்காலி, எந்நேரமும் குளிரும் ஓர் அறை, அதற்குள் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும் சர்வர். அவ்வளவுதான் பிரிவு.

டின்னில் அடைக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு செய்முறைத் தாள் உண்டு. எவ்வளவு சர்க்கரை, எவ்வளவு உப்பு, மூடிய டின்னை வெந்நீரில் எத்தனை நிமிடம் அவிக்க வேண்டும், எல்லாம் அதில் இருக்கும். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரே தாள் மூன்று ஊரில் மூன்று மாதிரி இருந்தது. ஒருவர் பென்டிரைவில் வைத்திருப்பார், ஒருவர் பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டியிருப்பார், இன்னொருவர் அதன்மேல் பேனாவால் திருத்தியிருப்பார். எது கடைசித் தாள் என்று தொலைபேசியில் சண்டை நடக்கும். அந்தச் சண்டையைக் கேட்டுக் கேட்டு எனக்கே ரத்தக்கொதிப்பு வந்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் அந்தக் கோப்பு முறையைப் பற்றிப் படித்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆங்கிலக் கையேட்டை மதிய உணவு நேரத்தில் பக்கம் பக்கமாகப் படித்து, பழைய கணினிகள் இரண்டை வைத்து முயன்று, நாலு தடவை எல்லாவற்றையும் அழித்து, ஐந்தாவது தடவை நிற்க வைத்தேன். அதன் சாரம் இதுதான். தாள்கள் அடங்கிய பெட்டகத்தை 'வால்யூம்' என்பார்கள். எழுதக்கூடிய மூலம் ஒன்றே ஒன்று, அது தம்போயில். அதன் நகல் மூன்று சர்வரிலும் இருக்கும். நகலைப் படிக்கலாம், அதில் ஒரு புள்ளிகூட வைக்க முடியாது. போர்மேன் வந்தாலும் முடியாது, முதலாளி தவுக்கேயே வந்தாலும் முடியாது. தொழிற்சாலையில் திரையைத் தட்டினால் பக்கத்தில் இருக்கும் நகல் திறக்கும். பக்கத்து நகல் படுத்துவிட்டால், கேட்பவருக்கே தெரியாமல் அடுத்த ஊர் நகல் பதில் சொல்லும்.

இதில் இன்னொரு நல்ல விஷயம் உண்டு. மூலத்தில் யாராவது ஒரு தாளைத் திருத்திக்கொண்டிருந்தால், அந்த அரைகுறைத் தாள் தொழிற்சாலைக்குத் தெரியாது. எல்லாம் முடிந்தபின் நான் 'ரிலீஸ்' கட்டளை கொடுத்தால்தான் மூலம் அப்படியே மூன்று நகலுக்கும் போகும். மாறிய பகுதியை மட்டும் அனுப்பும், அதனால் நேரமும் ஆகாது. வேலை வாரத்தின் கடைசி நாள் மாலை ஐந்தரைக்கு அது தானாகவே ஓடும்படி எழுதி வைத்தேன். அடுத்த வாரம் முழுக்க மூன்று ஊரும் ஒரே தாளைப் படிக்கும். "என்னக்கா, இந்த வாரம் புதுப்படம் ரிலீஸா?" என்று கணக்குப் பிரிவில் கிண்டலடிப்பார்கள். "டிக்கெட் இல்ல, போ" என்பேன்.

ஒருமுறை பொந்தியான் சாலையில் மண்தோண்டும் இயந்திரம் கேபிளை அறுத்துவிட்டது. பெக்கான் நானாஸுக்கு இரண்டு நாள் இணைப்பே இல்லை. நான் பதறிப்போய் அழைத்தால், "அப்படியா? இங்க எல்லாம் ஓடுதே" என்றார் போர்மேன். இன்னொரு முறை தம்போயில் விழுந்த இடியில் மூலம் இருந்த சர்வரின் பவர் சப்ளை கருகிவிட்டது. ஜொகூர் இடியைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. அதை மாற்றி எழுப்ப எனக்கு அரைநாள் ஆனது. அந்த அரைநாளும் மெர்சிங்கில் மீனும் பெக்கான் நானாஸில் அன்னாசியும் டின்னுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தன. அன்று மாலை நடையே வேறு மாதிரி இருந்தது எனக்கு. பஸ் நிறுத்தத்தில் நின்றவர்களிடமெல்லாம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

இனி ஜொகூர்க்காரர்களுக்கு மட்டுமே நடக்கக்கூடிய ஒரு கூத்து.

எங்கள் மாநிலத்தில் பல வருடம் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நாங்கள் வேலைக்குக் கிளம்புவோம். என் வீட்டுக்காரர் வேலை பார்ப்பது சிங்கப்பூரில். அவருக்குச் சனி, ஞாயிறு விடுமுறை. அதனால் வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் இருவரும் சேர்ந்து வீட்டில் இருப்போம். பிறகு மாநிலம் மறுபடி சனி, ஞாயிறுக்கு மாறியது. எங்கள் கம்பெனியும் மாறியது. முதல் ஞாயிறன்று இருவரும் ஆசையாக ரொட்டி சானாய் சாப்பிடப் போனோம். மத்தியானத்துக்குள் சண்டை வந்துவிட்டது. பழக்கம் விட்டுப்போயிருந்தது.

அலுவலகத்தில் நான் ஒரு பட்டியல் போட்டேன். கதவுப் பூட்டு நேரம், குளிர்சாதன நேரம், கைரேகை இயந்திரம், தினசரிக் காப்பு, நினைவூட்டும் மின்னஞ்சல்கள். எல்லாவற்றையும் மாற்றி, ஒவ்வொன்றாக டிக் போட்டு, கையெழுத்தும் போட்டு மேலாளரிடம் கொடுத்தேன். எங்கள் மேலாளர் சீனர். மலாயும் ஆங்கிலமும் கலந்துதான் பேசுவார், ஆனால் அவர் சொன்னதெல்லாம் எனக்குத் தமிழிலேயே நினைவிருக்கிறது, அப்படியே எழுதுகிறேன். "எல்லாம் மாத்தியாச்சு பாஸ், ஒண்ணுகூட விடல" என்றேன். "ஒன் வேலையில நான் என்னத்தப் பார்க்க?" என்று அவர் படிக்காமலே கோப்பில் சொருகினார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் ஒரு வாரம் மிதந்தேன்.

மாற்றம் முடிந்து சில மாதம் கழித்து, தரக்கட்டுப்பாட்டுக்கு ஒரு புது அதிகாரி வந்தாள். கிள்ளானில் இருந்து வந்த தமிழ் முஸ்லிம் பெண், முப்பது வயதுகூட ஆகவில்லை. செய்முறைத் தாள்களின் மூலத்தில் எழுதும் உரிமை அவளுக்குத்தான். படு சுறுசுறுப்பு. வந்த முதல் வாரமே என் அறைக்குள் தலையை நீட்டி, "அக்கா, நீங்கதான் அந்த ரிலீஸ் அக்காவா?" என்றாள். அவளுடைய அத்தாவுக்குக் கிள்ளானில் சாப்பாட்டுக் கடை. மகள் கல்லாவில் உட்கார்ந்தால் போதும் என்பது அவர் எண்ணம். இவள் சண்டை போட்டுக்கொண்டு தெற்கே வந்திருக்கிறாள். "ஆறு மாசம் புரோபேஷன்க்கா. இங்க வேல நிக்கலன்னா மறுபடியும் கல்லாதான். அத்தா எதுவும் சொல்ல மாட்டாங்க, சிரிப்பாங்க. அதான் தாங்காது" என்றாள். எனக்கு அவளைப் பிடித்துவிட்டது.

எங்கள் பழைய ஆட்களுக்கு விடுமுறை மாறினாலும் உடம்பு மாறவில்லை. வியாழக்கிழமையே எல்லா வேலையையும் முடித்துவிட்டு, வெள்ளியன்று பெயருக்கு உட்கார்ந்திருப்பார்கள். தொழுகைக்குப் போன ஆண்கள் திரும்பிவர மூன்று மணியாகும். ஆனால் இவள் வெள்ளிக்கிழமை வேலைநாளாக இருக்கும் ஊரிலேயே வளர்ந்தவள். அந்த அமைதியான மத்தியானத்தில்தான் அவளுக்கு வேலை நன்றாக ஓடும்.

ஒரு புதன்கிழமை காலை எட்டரைக்கு மேலாளர் என்னையும் அவளையும் கூப்பிட்டார். பெக்கான் நானாஸில் திங்களன்று புதிதாகப் பெரிய டின்னில் அன்னாசித் துண்டு அடைத்திருக்கிறார்கள். அடைத்த டின்களில் கொஞ்சத்தை எடுத்துச் சூடான அறையில் வைத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். வைத்ததில் நாலு டின்னின் மூடி உப்பியிருக்கிறது. சரியாக வேகவில்லை என்று அர்த்தம். ஒரு டின்கூடத் தொழிற்சாலையை விட்டு வெளியே போகவில்லை, அது ஒன்றுதான் ஆறுதல். ஆனால் திங்கட்கிழமை உழைப்பு மொத்தமும் குப்பைக்கு.

அவிக்கும் தொட்டியைப் பார்த்துக்கொள்ளும் அண்ணன் பெக்கான் நானாஸில் இருந்து ஸ்பீக்கரில் பேசினார். ஐம்பது வயதுக்காரர், அளந்து பேசுவார். "ஸ்கிரீன்ல பதினெட்டு நிமிசம்னு இருந்துச்சு. பதினெட்டு வெச்சேன். வேற என்னா செய்வேன்?"

"பதினெட்டு சின்ன டின்னுக்கு. பெரிய டின்னுக்கு இருபத்தேழு நிமிஷம்" என்றாள் அவள். "வெள்ளிக்கெழமையே நான் தாள்ல மாத்திட்டேன் பாஸ்."

மேலாளர் தன் கணினியில் அந்தத் தாளின் நகலைத் திறந்தார். பதினெட்டு. அவள் ஓடிப்போய்த் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து மூலத்தைத் திறந்து காட்டினாள். இருபத்தேழு. மேலாளர் இரண்டையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

அப்போது நான் வாயை மூடிக்கொண்டு, பார்த்துச் சொல்கிறேன் என்று எழுந்திருக்க வேண்டும். செய்தேனா? இல்லை. என் வேலையை யாரோ சந்தேகப்படுகிறார்கள் என்றதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "நகல் தப்புச் சொல்லாது பாஸ். வார கடைசியில மூலத்துல என்ன இருந்துச்சோ அதான் நகல்ல இருக்கும். அங்க இல்லன்னா அப்ப மூலத்துலயும் இல்ல" என்றேன். சொல்லும்போது என் குரல் எனக்கே கம்பீரமாகக் கேட்டது.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "அக்கா" என்றாள்.

மேலாளர் வேறு எப்படி நினைப்பார்? டின் உப்பிய செய்தி காலையில் வந்தது, அதன்பிறகு இவள் அவசரமாகத் தாளை மாற்றிவிட்டு வெள்ளிக்கிழமை மாற்றியதாகச் சொல்கிறாள். மறந்தது ஒரு குற்றம், மூடி மறைத்தது இன்னொரு குற்றம். வியாழன் மூன்று மணிக்குள் எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும், விளக்கம் சரியில்லை என்றால் புரோபேஷன் அன்றோடு முடிந்தது என்றார். பெரிய டின் வேலையை அதுவரை நிறுத்தி வைக்கவும் உத்தரவு போட்டார்.

நான் என் அறைக்குத் திரும்பியது அவளுக்கு உதவ என்று நினைத்தால் அது தவறு. நான் சொன்னதுதான் சரி என்று காகிதத்தில் எடுத்துக்கொடுக்கத் திரும்பினேன். மூலத்தின் விவரத்தைக் கேட்டேன். கடைசியாக எழுதப்பட்டது வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்று பன்னிரண்டு. நகல்களின் விவரத்தைக் கேட்டேன். மூன்றும் எடுக்கப்பட்டது வியாழக்கிழமை, மாலை ஐந்து முப்பது.

அலமாக், ஐயையோ.

கதவுப் பூட்டை மாற்றினேன், குளிர்சாதனத்தை மாற்றினேன், கைரேகை இயந்திரத்தை மாற்றினேன். என் உயிராக வைத்திருந்த ஒன்றை, ஒரே ஒரு வரியை, மாற்றவில்லை. பழைய வாரத்தின் கடைசி நாளான வியாழக்கிழமையிலேயே ரிலீஸ் இத்தனை மாதமும் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. மற்றவர்களும் என்னைப் போலவே வியாழனோடு வாரத்தை முடித்துக்கொண்டிருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை உண்மையாக வேலை பார்த்த ஒருத்திதான் அந்தக் குழியில் விழுந்தாள். விழுந்தவளை நானும் சேர்ந்து அமுக்கியிருக்கிறேன்.

அந்த வரியில் வியாழனை வெள்ளியாக்க ஐந்து நொடி போதும். இன்னொன்றும் எனக்குத் தெரியும். நாளை மாலை ஐந்தரைக்கு ரிலீஸ் தானாக ஓடினால் மூன்று நகலும் புதிதாகிவிடும், அவை எடுக்கப்பட்ட நேரமும் மாறிவிடும். போன வியாழன் என்று சொல்ல நகல்களிடம் எதுவும் மிஞ்சாது. நான் ஒன்றுமே செய்யாமல் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாலே போதும், தடயம் தானாக அழிந்துவிடும். நான் நல்லவள், இதை நினைக்கவே இல்லை என்று எழுத ஆசைதான். நினைத்தேன். பாலில்லாத தே ஓ ஆறும் வரை நினைத்தேன்.

பிறகு தானாக ஓடும் அந்த ரிலீஸை நிறுத்தினேன். வேலை நின்றிருந்ததால் பழைய நகலால் இனி யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனாலும் அன்று மாலை அவள் மேசையைத் தாண்டித்தான் நான் வெளியே போனேன். அவள் விளக்கக் கடிதம் தட்டிக்கொண்டிருந்தாள். நான் நிற்கவில்லை.

வீட்டில் சாப்பிடும்போது வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "மாத்திட்டு சும்மா இருந்தா யாருக்கும் தெரியாதுங்க" என்றேன். அவர் தட்டில் இருந்து தலையைத் தூக்காமல், "யாருக்கும் தெரியாதுன்னா என்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்றார். எனக்குக் கோபமான கோபம் வந்தது. எழுந்துபோய்ப் பாத்திரத்தை உருட்டினேன். அவர் கேட்டதில் தவறே இல்லை என்பதால்தான் அவ்வளவு கோபம்.

வியாழன் மூன்று மணி. மேலாளர் அறையில் அவள் ஏற்கனவே உட்கார்ந்திருந்தாள், கையில் இரண்டு பக்கக் கடிதம். மேசைமேல் மேலாளர் தயாராக வைத்திருந்த இன்னொரு கடிதமும் இருந்தது. "அத படிக்கிறதுக்கு முன்ன எனக்குப் பத்து நிமிஷம் கொடுங்க பாஸ்" என்றேன்.

என் வாய்ச்சொல்லை அவர் நம்ப வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். புதன்கிழமை சொன்னதும் இதே வாய்தானே. அதனால் மெர்சிங் அலுவலகத்தை ஸ்பீக்கரில் கூப்பிட்டேன். அங்கே இருக்கும் மலாய்க்காரப் பெண்ணுக்கு ஒரு கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொல்லித் தட்ட வைத்து, உன் ஊர் நகல் எப்போது எடுத்தது என்று கேட்டேன். "கமிஸ்" என்றாள். வியாழன். நேரம் ஐந்து முப்பது. பெக்கான் நானாஸ் அலுவலகத்தையும் அதேபோல் கேட்டேன். வியாழன், ஐந்து முப்பது. பிறகு மேலாளரின் கணினியை அவர் பக்கமே திருப்பி வைத்து, அவரையே தட்டச் சொன்னேன். தம்போய் நகலும் வியாழன்தான்.

"இப்ப மூலத்தைக் கேளுங்க பாஸ். கடைசியா எப்ப எழுதினாங்கன்னு."

அவர் தட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "வெள்ளி. மூணு பன்னெண்டு."

"அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடல. அவங்க சொன்னது நெசம்."

எனக்கு அந்த நேரத்தில், அந்த வெட்கத்தின் நடுவிலும், என்ன தோன்றியது தெரியுமா? மூன்று ஊர், மூன்று பெட்டி, ஒன்றுகூடப் பேச்சு மாறவில்லை. நான் கட்டியது அது. என்னைக் காட்டிக்கொடுக்கும்போதும் சுத்தமாகக் காட்டிக்கொடுத்தது. நெஞ்சு விம்மியது எனக்கு.

"அப்ப மெஷின் தப்பா?" என்றார் மேலாளர்.

எனக்குச் சுருக்கென்றது. "மெஷின் மேல பழி போடாதீங்க பாஸ். வியாழக்கெழம செய்னு சொன்னேன், செஞ்சுச்சு. லீவு மாறினப்ப வெள்ளிக்கு மாத்தாதது நான்."

அவர் அலமாரியில் இருந்து ஒரு கோப்பை எடுத்துப் புரட்டி, நான் டிக் போட்ட பட்டியலை மேசையில் வைத்தார். "ஒண்ணுகூட விடலன்னு சொன்ன."

"விட்டுட்டேன். அதுக்கு ஒரு லெட்டர் வேணும்ல, அங்க ரெடியா இருக்கே, பேர மட்டும் மாத்துங்க" என்றேன். பிறகு அவள் பக்கம் திரும்பினேன். புதன்கிழமை இதே அறையில்தான் அவளைப் பொய்க்காரியாக்கினேன், அதனால் இதே அறையில்தான் சொல்ல வேண்டும். "ஒன்ன நான் நம்பல. பார்க்காம பேசிட்டேன். மன்னிச்சிரும்மா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். வெளியே வந்ததும்தான் வெடித்தாள். "எப்பக்கா கண்டுபிடிச்சீங்க?"

"நேத்து பத்து மணிக்கு."

"நேத்து பத்து மணிக்கா! நேத்து நான் வீட்டுக்குப் போயி பெட்டி கட்டினேன்க்கா. அத்தாவுக்குப் போன் பண்ணி வரேன்னு சொல்லிட்டேன். சாயங்காலம் என் மேசையத் தாண்டித்தான போனீங்க? ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

ஆதாரத்தோடு முறையாகச் சொல்லலாம் என்றிருந்தேன் என்று ஆரம்பித்தேன். பாதியிலேயே எனக்கே கேட்கச் சகிக்கவில்லை. "பயம்மா" என்றேன். "இத்தன வருஷத்துல இந்த மாதிரி ஆனதில்ல. எப்படிச் சொல்றதுன்னு தெரியல." அவள் என்னை முறைத்துவிட்டு, கைப்பேசியை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். "அத்தா, நான் வரல" என்று அவள் கத்தியது கீழ்த்தளம் வரை கேட்டிருக்கும்.

மறுவாரம் அவளே என் அறைக்கு வந்தாள். இன்னும் முறைப்பு முழுதாகப் போகவில்லை. "அக்கா, தொட்டிகிட்ட நிக்கிற ஆளுக்கு மூலம் என்ன, நகல் என்ன? அவருக்குத் தெரியற மாதிரி ஏதாவது போடுங்க" என்றாள். ஒவ்வொரு தாளின் தலையிலும், இந்த நகல் எந்தத் தேதி, எந்த நாள், எத்தனை மணிக்கு எடுத்தது என்று ஒரு வரி பெரிய எழுத்தில் வரும்படி செய்தேன். ரிலீஸ் ஓடும் முன்பு அந்த வரியும் மூலத்தில் தானாக எழுதப்படும். நாளின் பெயர் மலாயிலும் தமிழிலும் இருக்கும். இந்த யோசனை அவளுடையது. நான் என்னுடையது போலவே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன், அவளும் விட்டுவிட்டாள்.

என் கடிதம் வந்தது. கவனக்குறைவு, முதல் எச்சரிக்கை, மேலாளர் கையெழுத்து, தேதி. அவளுக்கு வேலை நிரந்தரமாகி இன்னொரு கடிதம் வந்தது. அத்தா கிள்ளானில் இருந்து ஒரு வாளி பிரியாணியோடு வந்து எங்கள் எல்லோருக்கும் பரிமாறினார். அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார், ஆனால் அவள் பயந்த சிரிப்பு இல்லை அது.

சென்ற மழைக்காலத்தில் ஒரு திங்கட்கிழமை. ஏழு மணிக்கு நான் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கும்போது மேலாளர் கூப்பிட்டார். "பெக்கான் நானாஸ்ல ஒங்காளு லைன நிறுத்திட்டான். பழ லோரி சீக்கிரமே வந்து நிக்குது. போர்மேன் சொல்லியும் கேக்கல. என்னன்னு பாரு."

தொட்டி அண்ணனை அழைத்தேன். பின்னால் யாரோ கத்துவது கேட்டது.

"இங்க பாரும்மா" என்றார் அவர், அவசரமே இல்லாமல். "மேல இருக்கிற வரியில போன வெள்ளி வரல. அதுக்கு முந்தின வெள்ளி இருக்கு. தாள் பழசு. நான் சுவிட்சத் தொட மாட்டேன். போர்மேன் கத்துறாரு, கத்தட்டும் லா."

வெள்ளி மாலை பெக்கான் நானாஸில் பெரிய இடி, ஐந்தரைக்கு இணைப்பு இல்லை. ரிலீஸ் தம்போய்க்கும் மெர்சிங்குக்கும் போய்ச் சேர்ந்தது, அங்கே சேரவில்லை. ஒரு நகல் பழையது என்று எனக்கும் மின்னஞ்சல் வந்திருந்தது. ஞாயிறன்று இணைப்பு திரும்பிவிட்டது, எட்டு மணிக்குத் தொழிற்சாலை தொடங்குமுன் அலுவலகத்துக்குப் போய் அனுப்பிவிடலாம் என்று இருந்தேன். ஏழு மணிக்கே லோரி வரும் என்று யாருக்குத் தெரியும்? இஸ்திரிப் பெட்டியை அணைத்துவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து கட்டளையைக் கொடுத்தேன். நாலு நிமிடம். "அண்ணே, இப்ப பாருங்க."

"ம். போன வெள்ளி தேதி, அஞ்சு முப்பது" என்று நிறுத்தி நிறுத்திப் படித்தார். "ஏம்மா, நேரமும் மாறியிருக்கு. பெரிய டின்னுக்கு இருபத்தெட்டாம்." வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் மறுபடி ஒரு நிமிடம் கூட்டியிருக்கிறாள். "சரி, ஆரம்பிக்கிறேன்" என்று வைத்துவிட்டார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்காரர் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார். அந்தக் கையேட்டை அந்த அண்ணன் படித்ததில்லை, சர்வர் எந்த அறையில் இருக்கிறது என்றுகூட அவருக்குத் தெரியாது. ஒரு வரியைப் பார்த்து, போர்மேன் கத்தக் கத்த, சுவிட்சைத் தொடாமல் நின்றிருக்கிறார். கேபிள் அறுந்த நாளிலும் இடி விழுந்த நாளிலும் வந்த பெருமையெல்லாம் இதற்குப் பக்கத்தில் வரவே வராது.

அன்று அலுவலகத்தில் மேலாளர் என் அறை வாசலில் வந்து நின்றார். அவர் அங்கே வந்ததே அபூர்வம். குளிரில் கையைத் தேய்த்துக்கொண்டார். "ஒன் ஃபைல்ல ஒரு லெட்டர் இருக்குல்ல. எடுத்துக் கிழிச்சிடவா?" என்றார்.

"வேணாம் பாஸ்" என்றேன். "அந்த லெட்டருக்கு அப்புறம்தான் தாளுக்கு மேல தேதி வந்துச்சு. இருக்கட்டும். அதுலயும் தேதி சரியாத்தான் இருக்கு."